ஒரே வீட்டில் எண்பதாயிரம் பேர்

செத்துப்போனவர் பெயர் மெட்டோடி. வயது அறுபத்தொன்று. இஸ்க்ரேவ் குடியிருப்பு, நாற்பத்தேழாம் கட்டடம், இரண்டாம் வாசல், எட்டாவது மாடி. ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறன்று காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அவர் மனைவி ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். வண்டி கிளம்பியது பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு. வண்டி நிற்கும் இடத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்கு நான்கு நிமிடப் பயணம். கிளம்பவே ஒன்பது நிமிடம்.

திங்கட்கிழமை நான் அலுவலகத்துக்குள் நுழைவதற்கு முன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்து முடித்துவிட்டார்கள். ஸ்னெஜானா அக்கா. அந்த அழைப்பை எடுத்தவர். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுப்பவர்.

"பொண்ணுகூடப் பேசிக்கிட்டு இருந்திருக்கா" என்றாள் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற ஒருத்தி. "பொண்ணு பேரு தெமெனுகாவாச்சே. பேரு நாள் வாழ்த்து சொல்லாம இருக்க முடியுமா?"

எங்கள் ஊரில் குருத்து ஞாயிறு, பூவின் பெயர் வைத்த எல்லோருக்கும் பெயர் நாள்; பிறந்த நாள் மாதிரி வாழ்த்துச் சொல்வார்கள். ரோசா, லில்லியா, தெமெனுகா, எல்லோருக்கும். எனக்கும்தான். நெவெனா என்பதும் பூதான். ஆனால் என்னைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் மாவட்டத்துக்கான ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் நான். அம்மா தக்காளியும் மிளகாயும் புட்டியில் அடைக்கிற ஆலையில் முப்பது வருடம் நின்றவள். என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் "என் மக கம்ப்யூட்டருக்கு டாக்டர்" என்பாள். டாக்டரெல்லாம் இல்லை. நாடி பார்க்கும் நர்ஸ் என்று வேண்டுமானால் சொல்லலாம். எந்தத் தேடல் எவ்வளவு நேரம் எடுக்கிறது, எது திணறுகிறது, எது எதற்காகக் காத்து நிற்கிறது என்று என் ஸ்கிரிப்ட்டுகள் நொடிக்கு நொடி பார்த்துக் குறித்து வைக்கும். ஏதாவது தேடல் அறுபது நொடியைத் தாண்டினால் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பும்.

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. ஒரு முகவரியைத் தேடு என்று கேட்டால் டேட்டாபேஸ் தானே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும். அட்டவணையைப் புரட்டி நேரே அந்த வீட்டுக்குப் போகலாம், அல்லது ஊர் முழுக்க ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டே போகலாம். எந்த வழி என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கு சில சமயம் கோணலாகப் போகும். அதனால் முக்கியமான தேடல்களுக்கு நல்ல வழியை நாங்களே பூட்டி வைத்துவிடுவோம்: இந்தக் கேள்வி வந்தால் இந்த வழியில்தான் போக வேண்டும். முகவரித் தேடலுக்கு எனக்கு முன்னால் இருந்தவன் ஒரு பூட்டுப் போட்டுவிட்டு மியூனிக்குக்கு வேலைக்குப் போய்விட்டான். ஏன் போட்டான் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

அந்தப் பூட்டு கேள்வியின் வாசகத்தோடு ஒட்டியது. வாசகம் மாறினால் பூட்டு பொருந்தாது. ஞாயிறுக்கு முந்திய வியாழக்கிழமை வாசகம் மாறியது. கட்டடக் கதவின் ரகசிய எண்ணையும் சேர்த்துக் காட்டுகிற புதுப் பதிப்பை அன்றைக்கு ஏற்ற இருந்தார்கள். நான் என் மேலாளர் ஓக்னியனிடம் போனேன்.

"ஒரு நாள் குடுங்க பாஸ். கேள்வி மாறுது. பழைய பூட்டு இதுக்குப் பொருந்தாது."

"என்ன பெருசா மாறிடுச்சு? ஒரு கட்டம் சேர்த்திருக்காங்க."

"டேட்டாபேஸுக்கு அது வேற கேள்வி பாஸ். புதுசாப் பூட்டணும். எந்த வழி நல்லதுன்னு சோதிச்சுப் பார்க்கணும்."

அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். 'வேகம் சோதிக்கப்பட்டது' என்ற வரிக்கு எதிரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"நெவெனா, உன் தகுதிகாண் காலம் எப்ப முடியுது?"

"பண்டிகை முடிஞ்ச செவ்வாய்க்கிழமை."

"நல்லது. கையெழுத்துப் போடு. பூட்டு கீட்டெல்லாம் பண்டிகை முடியட்டும், பார்த்துக்கலாம்."

அவர் மிரட்டவில்லை. தேதியைத்தான் கேட்டார். கையெழுத்துப் போட்டது என் கை. வெள்ளியும் சனியும் எல்லாம் நன்றாகவே ஓடியது. சரிதான், இந்த ஆளுக்கு அனுபவம் இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, காபி இயந்திரத்துப் பேச்சைக் கேட்ட பிறகு, என் இடத்துக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளைத் திறந்தேன். முகவரித் தேடல். வழக்கமாக அரை நொடி. ஞாயிறு காலை இஸ்க்ரேவ் முகவரிகளுக்கு மட்டும் மூன்று நிமிடத்துக்கு மேல். ஆற்றங்கரைப் பக்கம் பழைய ஊரிலிருந்து வந்த அழைப்புகளுக்கு அதே அரை நொடி.

டேட்டாபேஸின் கணக்கைத் திறந்தேன். அந்த முகவரியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அது நினைத்திருக்கிறது? மூன்று பேர் என்று இருக்க வேண்டும். எண்பதாயிரம் என்று இருந்தது.

சனிக்கிழமை இரவுதோறும் அது ஊரைக் கணக்கெடுக்கும். புதுக் கேள்வி அந்தக் கணக்கெடுப்பு வரை முதலில் கிடைத்த வழியிலேயே போயிருக்கிறது, அதனால்தான் வெள்ளியும் சனியும் தப்பின. எந்த முகவரி எத்தனை தடவை வருகிறது என்று பார்க்கும்போது முழு முகவரியையும் படிக்காது. அறுபத்து நான்கு இடம்தான் படிக்கும். லத்தீன் எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம். எங்கள் சிரிலிக் எழுத்து ஒன்றுக்கு இரண்டு. ஆக முப்பத்திரண்டு எழுத்து. பழைய ஊர்க்காரர்களுக்கு அது தாராளம். தெருப் பெயர், வீட்டு எண், முடிந்தது. எங்கள் பெட்டிக் கட்டடங்களின் முகவரியோ மாவட்டம், நகராட்சி, நகரம், குடியிருப்பு என்று ஊர்வலமாக வரும். கட்டட எண் வருவதற்குள் முப்பத்திரண்டு எழுத்து தீர்ந்துவிடும். ஆகவே இஸ்க்ரேவில் இருக்கும் எண்பதாயிரம் பேரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டது. அப்படியானால் அட்டவணை எதற்கு? வாசல் வாசலாகத் தட்டிக்கொண்டு போனது. பழைய பூட்டு எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் பிறந்து வளர்ந்தது இஸ்க்ரேவில். முப்பத்தோராம் கட்டடம். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

ஓக்னியன் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு மதியமே புதுப் பதிப்பை இறக்கிவிட்டுப் பழையதைப் போட்டுவிட்டார். பழைய கேள்வி வந்ததும் பழைய பூட்டு பொருந்திக்கொண்டது. எல்லாம் அரை நொடிக்குத் திரும்பியது. அதனால் திங்கட்கிழமை யார் சோதித்துப் பார்த்தாலும் இயந்திரத்தில் குற்றம் இல்லை. விசாரணை முடியும்வரை யாரும் எதையும் மாற்றக்கூடாது என்று உத்தரவும் போட்டார். என் அனுமதியைப் படிக்க மட்டும் என்று குறைத்தார்கள்.

புதன்கிழமை அவர் அறைக்குப் போனேன்.

"விசாரணைக் குழு எப்ப உட்காருது பாஸ்?"

"பண்டிகை முடிஞ்சு. புதன்கிழமை."

"என் பதிவுகள் எட்டு நாள்தான் நிக்கும். ஞாயித்துக்கிழமைப் பதிவு ஈஸ்டர் திங்கக்கிழமை அழிஞ்சிடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே ஒரு வரி பாஸ். எட்டை முப்பதுன்னு மாத்தினாப் போதும். நீங்க சொன்னா நான் இப்பவே..."

"எதையும் மாத்தக்கூடாதுன்னு நானே உத்தரவு போட்டுட்டு நானே மாத்தவா? என்ன பேச்சுப் பேசுற?"

"ஸ்னெஜானா அக்கா மேல தப்பு இல்ல. உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஒரு படிவம். அதுல 'வேகம் சோதிக்கப்பட்டது'ன்னு இருக்கு. கீழ ஒரு பூப்பேரு இருக்கு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை உன்னை நிரந்தரம் பண்ற காகிதம் என் மேசைக்கு வரும் பொண்ணே. வீட்டுக்குப் போ. ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போடு. பண்டிகை முடியட்டும்."

இந்த ஊரில் எல்லாமே பண்டிகை முடியட்டும்தான். பல் பிடுங்குவதும், கூரை ஒழுக்கும், விவாகரத்தும். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்லி ஒரு பொம்பளையின் இருபத்தாறு வருடத்தை அழிக்கலாம் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஸ்னெஜானா அக்கா வாக்குமூலம் கொடுக்க வந்தார். நடைவழி பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டார்.

"பொண்ணா அக்கா?"

"அவதான். நாலு நாளா நான் எடுக்கறதில்ல." என்னைப் பார்க்காமலே பேசினார். "அவகூடப் பேசிட்டு வச்சேன், உடனே இந்தக் கால். மனசெல்லாம் அங்க இருந்திருக்கும்போல. முகவரியைத் தப்பா அடிச்சிட்டேன். தேடிக்கிட்டே இருக்கு, வரல. அழிச்சு மறுபடி அடிச்சேன். வரல. மறுபடி அழிச்சேன். அந்தம்மா காதுல அழுதுக்கிட்டு இருக்கு. இருபத்தாறு வருஷத்துல ஒரு முகவரி தப்பா அடிச்சதில்ல நான்."

"அக்கா..."

"ஓக்னியன் நல்ல மனுசன். கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துடு, கண்டிப்போட முடிச்சிடறேன்னு சொன்னாரு. பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு எனக்கு."

செவ்வாய்க்கிழமைக் காகிதம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், அவர் எழுந்து போனார்.

அன்று மாலையே என் மேசையில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமையின் எல்லாப் பதிவையும் படித்தேன். படிக்க அனுமதி இருந்தது. படித்ததைக் கோப்பில் எழுதி வெளியே எடுக்க அனுமதி இல்லை. எடுத்தேன். கோப்பு பென் டிரைவில், அச்சடித்தது பதினோரு பக்கம். இரண்டையும் ஸ்வெட்டருக்குள் வைத்து வாயிற்காவலரைத் தாண்டினேன். "நல்ல பண்டிகை, நெவெனா" என்றார். "உங்களுக்கும்" என்றேன்.

சனிக்கிழமை மதியம் இஸ்க்ரேவுக்குப் போனேன். ஸ்னெஜானா அக்கா இருப்பது ஐம்பத்திரண்டாம் கட்டடம். அங்கே போக நாற்பத்தேழைத் தாண்டிப் போக வேண்டும். இரண்டாம் வாசல் கதவில் மரண அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கரை போட்ட தாளில் மெட்டோடியின் படம். லிஃப்ட் பழுதுபார்ப்பவராக இருந்தாராம். அவர் மனைவியின் பெயரைப் பார்க்காமல் நடந்தேன்.

அக்கா சமையலறையில் உட்கார வைத்தார். மேசையில் பண்டிகை முட்டை இல்லை, பண்டிகை ரொட்டி இல்லை. ஒரு சாம்பல் தட்டும் போனும் மட்டும்.

"என்ன வேலையா வந்த?"

தாள்களை மேசையில் வைத்தேன். அவருக்கு அந்த எண்களெல்லாம் புரியாது. ஆனால் நேரம் புரியும். வாழ்நாளெல்லாம் நேரத்தைப் பார்த்தே வேலை செய்தவர்.

"என்னோடது எங்க?" என்றார்.

மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். "பதினொன்னு நாப்பத்திரண்டு எட்டு நொடிக்குக் கால். நாப்பத்து மூணு ரெண்டு நொடிக்கு நீங்க அடிச்ச முகவரி. பாருங்க. இஸ்க்ரேவ், நாப்பத்தேழு, ரெண்டாம் வாசல், எட்டு. சரியா அடிச்சிருக்கீங்க அக்கா. முதல் தடவையே."

அவர் விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு, போன் எடுக்கும் குரலில், முகவரியை மெல்லப் படித்தார். பிறகு இன்னொரு தடவை.

"சரியாத்தான் இருக்கு."

"சரியா இருக்கு."

"அப்புறம் ஏன் வரல?"

சொன்னேன். பூட்டு, கணக்கெடுப்பு, முப்பத்திரண்டு எழுத்து, எண்பதாயிரம் பேர். அவர் தலையை ஆட்டாமல் கேட்டார். சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"அரை நொடியில வந்திருக்கணும். மூணு நிமிஷம் பத்து நொடி ஆச்சு" என்றேன்.

"ஆனா வண்டி போனது ஐம்பத்தொன்னுக்கு."

அவர் விரல்விட்டுக் கூட்டினார்.

"நாப்பத்து மூணுல மூணு நிமிஷத்தைக் கூட்டினா நாப்பத்தாறுதான் வருது. ஐம்பத்தொன்னு எப்படி வந்துச்சு?"

பொய் சொல்லலாம். யாரும் கேட்கப்போவதில்லை, அவர் அழித்து அடித்ததெல்லாம் பதிவான ஒன்பதாம் பக்கத்தைப் படிக்க அவருக்குத் தெரியாது. என்னால் முடியவில்லை. பொய் சொல்லித்தான் இவ்வளவும் ஆனது.

"நீங்க ரெண்டு தடவை அழிச்சு அடிச்சீங்க. ஒவ்வொரு தடவையும் அது முதல் வாசல்ல இருந்து மறுபடி தட்ட ஆரம்பிச்சிருக்கு."

"முதல் தடவை அழிக்காம விட்டிருந்தா?"

"பதினொன்னு நாப்பத்தாறு, பன்னெண்டு நொடிக்கு வந்திருக்கும்."

சிகரெட் சாம்பல் மேசையில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"அப்ப அஞ்சு நிமிஷம் என்னோடது."

"இல்ல அக்கா. எதுவுமே உங்களோடது இல்ல. அரை நொடியில..."

"எனக்குக் கூட்டத் தெரியும் பொண்ணே." என்னை நிமிர்ந்து பார்த்தார். "பூட்டுப் போடாம அதை ஓடவிட்டது யாரு?"

"ஓக்னியன் சொன்னாரு. கையெழுத்துப் போட்டது நான்."

"நீ."

"ஆமா. இன்னும் ஒண்ணு இருக்கு. நாப்பத்து நாலுக்கே என் போனுக்கு எச்சரிக்கை வந்துடுச்சு. நான் அம்மாகூடக் கெண்டை மீன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். காலையில இருந்து போன் கத்திக்கிட்டே இருந்துச்சு, நூறு வாழ்த்து. அதுல ஒண்ணுன்னு நினைச்சிட்டேன். பாக்கறப்ப மணி பன்னெண்டரை. அப்புறம்தான் ஓக்னியனுக்குச் சொன்னேன்."

"உனக்கும் பேரு நாள்" என்றார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவர் தொண்டையிலிருந்து வந்தது. "பூவா வந்து சேர்ந்திருக்கோம் அந்தச் செத்த மனுசனுக்கு."

வெளியே யாரோ படிக்கட்டில் பை தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறிப் போனார்கள். அவர் சிகரெட்டைச் சாம்பல் தட்டில் நசுக்கினார்.

"இப்ப எதுக்கு வந்த? மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லணுமா?"

"வாக்குமூலத்தைத் திரும்ப வாங்குங்க அக்கா. இதைக் குழுகிட்டக் குடுங்க. திங்கக்கிழமை மூலப்பதிவு அழிஞ்சிடும். அதுக்கு முன்னாடி கேட்டா அவங்களே உள்ள போய்ப் பார்க்கலாம்."

"யார்கிட்டக் கேக்க? வெள்ளில இருந்து திங்கள் வரைக்கும் கதவே பூட்டிக் கிடக்கு." தாள்களை அடுக்கினார். மூன்றாம் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மற்றதை என் பக்கம் தள்ளினார். "எனக்குச் சண்டை வேணாம். பதினாலு மாசம் வேணும். இது ஒண்ணு போதும். மத்தது உன் பாவம், நீயே தூக்கிக்கிட்டு அலை."

"அக்கா, அவங்க உங்க பேர்ல எழுதிடுவாங்க."

"எழுதட்டும். என் கை சரியா அடிச்சுதுன்னு எனக்குத் தெரியும்." வாசல் வரை வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இனிமே என் வீட்டுக்கு வராத."

கதவைச் சாத்தினார். இறங்கத் திரும்பியபோது உள்ளே அவர் குரல் கேட்டது. "தெமெனுகா? ஆமாண்டி. நான்தான்." அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

பத்துப் பக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய், மூன்றாவதை மறுபடி அச்சடித்துச் சேர்த்து, என் பெயர் போட்டு, என் கையெழுத்தையும் ஓக்னியன் சொன்னதையும் எச்சரிக்கை வந்த நேரத்தையும் எழுதி, ஸ்கேன் செய்து விசாரணைக் குழுவின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. பண்டிகை விடுமுறை, செவ்வாய்க்கிழமை திறக்கிறோம், அனைவருக்கும் வாழ்த்துகள் என்று தானாகவே போகிற பதில்.

திங்கட்கிழமை அம்மாவோடு சாப்பாட்டு மேசையில் இருந்தபோது மணி பதினொன்று நாற்பத்திரண்டைப் பார்த்தேன். அது கடந்தது. எட்டு நாள் முடிந்தது. அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒழுங்கானது. நான் எழுதியது. ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

செவ்வாய்க்கிழமை என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். தகுதிகாண் காலத்தின் கடைசி நாளில் காரணம் சொல்ல வேண்டியதில்லை, சட்டம் அப்படி. ஓக்னியன் அறைக்குள் கூப்பிடவே இல்லை. பணியாளர் பிரிவுப் பெண் காகிதத்தை நீட்டினாள், விரல் நகங்களில் இன்னும் முட்டைக்குப் போட்ட சிவப்புச் சாயம். "என்ன பண்ணித் தொலைச்ச நீ?" என்று மெல்லக் கேட்டாள்.

குழுவின் பதில் மே மாதம் வந்தது. அரைப் பக்கம். அனுப்பப்பட்ட தாள்கள் அனுமதியின்றி எடுக்கப்பட்டவை. மூலப்பதிவு அமைப்பில் இல்லாததால் சரிபார்க்க இயலவில்லை. அழைப்பை ஏற்ற ஊழியர் தம் கவனக்குறைவை எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளார். அவருக்குக் கண்டிப்பு.

அதே மாதம் கதவின் ரகசிய எண்ணைக் காட்டும் புதுப் பதிப்பை மறுபடி ஏற்றப்போவதாகக் கேள்விப்பட்டேன். என் இடத்தில் இப்போது இருப்பவன் யார் என்று தெரியாது. பூட்டை மாற்றிப் போடு, இஸ்க்ரேவ் முகவரியை வைத்துச் சோதி என்று அவனுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவதை அவர்கள் வக்கீல் திருப்பி அனுப்பினார்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. போன வாரம் அவள் வீட்டுக்குப் போய் குளிர்பெட்டிக் கதவில் டாக்சி நிலையத்தின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

"எதுக்குடி இது?"

"நெஞ்சு வலிச்சா இதுக்குப் போன் பண்ணு."

"ஆம்புலன்ஸ் எதுக்கு இருக்கு? நீ வேலை பார்த்த இடமாச்சே."

"அதான் சொல்றேன்மா" என்றேன்.